முதல் வெப்சைட்டை எதில் கட்டலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: சொந்தமாக வெப்சைட் வேண்டும், எந்த மென்பொருளில் தொடங்குவது? எல்லாருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. ஆனால் நான் எல்லாரிடமும் முதலில் கேட்பது ஒன்று. இரண்டு வருடம் கழித்து அந்த இடம் பிடிக்கவில்லை என்றால், எழுதியதையும் படங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போக முடியுமா?

வீட்டில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி என்று ஆறு வகை செய்து விற்கிறேன். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. வெப்சைட்டை எதில் செய்வது? (வாசகி, ஈரோடு)

ஆறு பொடிக்கு ஆன்லைன் கடை இப்போதைக்கு வேண்டாம். கார்ட், ஆன்லைனில் பணம் வாங்கும் பேமென்ட் கேட்வே, கூரியர் கணக்கு என்று இறங்கினால் பொடி அரைக்கிற நேரம் அதில் போய்விடும். ஒரே ஒரு பக்கம் போதும்: படம், எடை, விலை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், கீழே வாட்ஸ்அப் பட்டன். இதற்கு கூகுள் சைட்ஸ் தாராளம். இலவசம்; ஒரு மதியத்தில் முடித்துவிடலாம்.

பணம் செலவழிப்பதாக இருந்தால் டொமைனுக்கு, அதாவது தளத்தின் சொந்த முகவரிப் பெயருக்கு, செலவழியுங்கள். கடைப் பெயரில் ஒரு டாட் இன் அல்லது டாட் காம் வாங்கி கூகுள் சைட்ஸோடு இணைத்துக்கொள்ளலாம். நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் பாக்கெட்டில் அச்சடித்த முகவரி மாறாது. ஆர்டர் எழுதியே கை வலிக்கும் நாள் வரும்போது, ஆன்லைன் கடை கட்டும் மென்பொருளான வூகாமர்ஸ் அல்லது ஷாப்பிஃபை பார்க்கலாம். வூகாமர்ஸ் இலவசம், ஆனால் பராமரிப்பு உங்கள் தலையில். ஷாப்பிஃபைக்கு மாதச் சந்தா, தொல்லை குறைவு.

வேர்ட்பிரஸ் டாட் காம், டாட் ஆர்க் என்று இரண்டு இருக்கின்றன. எது அசல்? (ஆசிரியர், தஞ்சாவூர்)

இரண்டும் அசல்தான். வேர்ட்பிரஸ் என்பது மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003-இல் தொடங்கிய இலவச மென்பொருள். டாட் ஆர்க்கில் அந்த மென்பொருளை எடுத்து, நீங்கள் வாங்கிய ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் இணைய இடத்தில்) நிறுவிக்கொள்கிறீர்கள். டாட் காம், முல்லன்வெக்கின் ஆட்டோமேட்டிக் நிறுவனம் நடத்தும் சேவை. முதலாவது அரிசி பருப்பு வாங்கி வீட்டில் சமைப்பது. இரண்டாவது மெஸ்ஸில் சாப்பிடுவது. வீட்டுச் சமையலில் உப்பு காரம் உங்கள் இஷ்டம், ஆனால் பாத்திரமும் நீங்கள்தான் கழுவ வேண்டும். இங்கே பாத்திரம் என்பது அப்டேட்டும் பேக்கப்பும்.

பாடக் குறிப்புகள் போடத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். டாட் காமின் இலவசத் திட்டத்தில் தொடங்குங்கள். ஆறு மாதம் விடாமல் எழுதினால் அப்புறம் ஹோஸ்டிங் வாங்கலாம். பதிவுகளை ஒரு கோப்பாக இறக்கி அங்கே ஏற்றிவிட முடியும். ஹோஸ்டிங் வாங்கும்போது முதல் வருட விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். அது சிறிய எழுத்தில் இருக்கும். பல இடங்களில் இரண்டு மூன்று மடங்கு.

காலேஜ் படிக்கும் மகன் விக்ஸில் செய்து தருகிறேன் என்கிறான். சரிதானா? (தையல் பயிற்சி நிலையம், சேலம்)

விக்ஸ் என்பது தளம் கட்ட உதவும் ஆன்லைன் சேவை. அழகாக வரும், சீக்கிரம் வரும், இழுத்து வைத்தால் போதும். பத்துப் பக்கத்துக்குள் முடிகிற தளத்துக்கு நல்ல தேர்வு. ஆனால் கட்டிய தளத்தை அப்படியே தூக்கி வேறு ஹோஸ்டிங்கில் வைக்க விக்ஸ் வழி தருவதில்லை. மாறினால் பக்கங்களைப் புதிதாகக் கட்ட வேண்டும். வழக்கமான எடிட்டரில், ஒரு டெம்ப்ளேட்டை (ஆயத்த வடிவமைப்பை) தேர்ந்தெடுத்துக் கட்டிய பின் அந்தத் தளத்துக்கு வேறு டெம்ப்ளேட்டைப் போடவும் முடியாது. அதனால் டெம்ப்ளேட்டை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். பயிற்சி வகுப்பின் படங்களையும் எழுத்தையும் கணினியில் ஒரு ஃபோல்டரில் தனியாக வையுங்கள். கணக்கை மகனின் ஈமெயிலில் இல்லாமல் உங்கள் ஈமெயிலில் தொடங்கச் சொல்லுங்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த சிறுகதைகள் இருநூறுக்கு மேல் உள்ளன. அப்படியே வெப்சைட்டில் போடலாமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

வேண்டாம். பாமினியில் "தமிழ்" என்று நீங்கள் பார்ப்பது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாதவருக்கு அந்த ஆங்கிலக் குவியல்தான் தெரியும்; கூகுளில் தமிழில் தேடினால் உங்கள் கதை அகப்படவே செய்யாது. முதலில் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கருவிகளும் தமிழாகவே படிக்கும் பொதுக் குறியீட்டு முறைக்கு, மாற்றுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இந்த வேலையைச் செய்யும். ஒரு கதையை மாற்றியதும் முழுக்க வாசித்துப் பாருங்கள். நடுவில் ஆங்கிலச் சொல் வந்த இடங்கள் சிதைந்திருக்கும், அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

மென்பொருள் என்று கேட்டால், கதை மட்டும் வெளியிட பிளாகர் போதும். 2003-இலிருந்து கூகுளிடம் இருக்கிறது, இலவசம், சொந்த டொமைனும் போடலாம், எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக வெளியே எடுக்கலாம். இருநூறு கதை என்பது ஓர் ஆயுள் உழைப்பு. மாற்றிய கோப்புகளின் பிரதி ஒன்றை வீட்டுக்கு வெளியேயும் வையுங்கள்.

வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு வைத்தால் லிங்க் முழுக்கச் சதவீதக் குறியாக வருகிறது, பாதியில் அறுந்தும் போகிறது. (வாசகர், மதுரை)

தமிழில் தளம் நடத்தும் எல்லாருக்கும் இது வரும். லிங்க்கில் போகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரிகிறது. "மீ" என்பதில் ம ஒன்று, ஈகாரக் குறி ஒன்று, ஆக பதினெட்டு. வேர்ட்பிரஸ் லிங்க்குக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. நீங்கள் அனுப்பிய "மீனாட்சியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா" தலைப்பை எண்ணிப் பார்த்தேன். "சித்திரை"யின் "சி"யோடு 200 தீர்ந்துவிடுகிறது. தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். பக்கவாட்டில் லிங்க்கைத் திருத்தும் பெட்டியில், வெளியிடும் முன்பே, இரண்டு மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டிவிடுங்கள். பிளாகருக்கும் இதே மருந்துதான். அங்கே தமிழ்த் தலைப்பு வைத்தால் லிங்க்கில் வெறும் "பிளாக் போஸ்ட்" என்றுதான் வரும்.

இன்னொன்று: தீம் (தளத்துக்கான ஆயத்தத் தோற்றம்) வாங்கும் முன் அதில் உங்கள் தமிழ்ப் பத்தி ஒன்றை ஒட்டிப் பாருங்கள். ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த தீம்களில் வரிகள் நெருங்கிக் கொம்பும் சுழியும் மோதும். மெனுவில் "தயாரிப்புகள்" ஃபோன் திரையை விட்டு வெளியே போகும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் கண்ணுக்கு இதம், இலவசம்.

ஒருவர் 45,000 ரூபாய்க்கு வெப்சைட் செய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? (பர்னிச்சர் கடை, திருநெல்வேலி)

தொகை நியாயமா என்பது எத்தனை பக்கம், என்ன வேலை என்பதைப் பொறுத்தது. டொமைன் யார் பெயரில் பதிவாகும் என்பதை முதலில் கேளுங்கள். என் சித்தப்பாவின் அச்சகத்துக்குத் தளம் செய்தவர், டொமைனைத் தன் பெயரில், தன் ஈமெயிலில் வாங்கியிருந்தார். சில வருடத்தில் அவர் ஊரையும் நம்பரையும் மாற்றிவிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த எச்சரிக்கை எல்லாம் அவருக்கே போனது. எங்களுக்குத் தெரிய வந்தபோது மீட்கும் கெடு முடிந்து, பெயரை வேறு யாரோ வாங்கியிருந்தார்கள். ரசீதுப் புத்தகம், கடைப் பலகை, வேன் எல்லாவற்றிலும் அந்த முகவரி. சித்தப்பா பலகையில் அந்த ஒரு வரியை மட்டும் பெயின்ட் வைத்து மறைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

டொமைனையும் ஹோஸ்டிங்கையும் உங்கள் ஈமெயிலில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். வேலை முடிந்ததும் அட்மின் பாஸ்வேர்டு, முழு பேக்கப் இரண்டையும் வாங்கிக்கொண்டு கடைசித் தவணையைக் கொடுங்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றைத் திருட்டுப் பிரதியாகப் போட்டுத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் வைரஸ் கோடு ஒளிந்திருப்பது சகஜம்.

கம்ப்யூட்டர் இல்லை. ஃபோனிலேயே வெப்சைட் நடத்த முடியுமா? (மாணவி, தருமபுரி)

முடியும். வேர்ட்பிரஸ், பிளாகர் இரண்டிலும் ஃபோனிலேயே எழுதிப் படம் சேர்த்து வெளியிடலாம். தளத்தின் அமைப்பைச் சரிசெய்யும் முதல் நாள் மட்டும் பெரிய திரை இருந்தால் நல்லது. கல்லூரி லேபிலோ பிரவுசிங் சென்டரிலோ இரண்டு மணி நேரம் போதும். கிளம்பும் முன் லாக்அவுட் செய்ய மறக்காதீர்கள்.