சாணைக்கல்லில் கத்தி தீட்டுவது: கேள்வி பதில்

தேனி: ஐயா, 1000 (சொரசொரப்பு), 6000 (வழவழப்பு) என்று இரண்டு பக்கமுள்ள கல் வாங்கினேன். எவ்வளவு தேய்த்தாலும் தக்காளித் தோல் அறுபடவில்லை. கல் சரியில்லையா?

கல்லில் குற்றமில்லை. 1000 பக்கத்தைச் சீக்கிரம் விட்டுவிடுகிறீர்கள். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, வாயோரத்து இரும்பு மெலிந்து எதிர்ப்பக்கம் மடியும். அதுதான் பிசிர். கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்க்கு வெளியே தள்ளுவதுபோல் மெல்ல நகர்த்தினால் சொரசொரவென்று தட்டும். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டாதீர்கள், அறுத்துவிடும். பிடியிலிருந்து நுனிவரை பிசிர் தட்டாமல் கத்தியைத் திருப்பக் கூடாது. இரண்டு பக்கமும் வந்த பிறகே 6000. அங்கே அழுத்தவே வேண்டாம், பிசிரை உதிர்ப்பதுதான் அங்கே வேலை.

கோணத்துக்கு ஒரு கணக்கு: 40 மி.மீ. அகலக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து 10 மி.மீ. தூக்கினால் ஏறக்குறைய 15 டிகிரி, 14 மி.மீ. தூக்கினால் 20. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண எவர்சில்வர் கத்திக்கு 20 போதும். சந்தேகமிருந்தால் வாயோரத்தில் மார்க்கர் மை பூசி நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை வாய் விளிம்பில் மட்டும் அழிந்தால் அதிகம் தூக்கிவிட்டீர்கள். விளிம்பில் மட்டும் அழியாமல் நின்றால் கத்தி படுத்துக் கிடக்கிறது.

திருச்சி: ஹார்டுவேர் கடையில் வாங்கிய கறுப்புக் கல்லுக்கு எண்ணெயா, தண்ணீரா?

அது சிலிக்கான் கார்பைடு. அமெரிக்காவில் அச்சிசன் 1891இல் செயற்கையாகச் செய்து கார்போரண்டம் என்று பெயர் வைத்த பொருள். இரண்டுமே ஆகும். ஆனால் ஒருமுறை எண்ணெய் குடித்த கல் அப்புறம் தண்ணீரை ஏற்காது. சமையல் எண்ணெய் மட்டும் வேண்டாம், நாளடைவில் பிசுக்காகிக் கல்லை அடைத்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் நல்லது.

கோவை: மகன் பின்லாந்திலிருந்து பூக்கோ என்ற வேட்டைக் கத்தி அனுப்பினான். அதற்கு எத்தனை டிகிரி?

அளக்கவே வேண்டாம். பக்கவாட்டில் வாய்வரை இறங்கும் அகலமான சரிவு இருக்கிறதே, அது முழுதும் கல்லில் படியும்படி வையுங்கள். கத்தியே கோணம் காட்டும். நேரம் ஆகும், பிசிர் வரும்வரை பொறுங்கள்.

நாகர்கோவில்: பல் வைத்த ரொட்டிக் கத்தி?

தட்டைக் கல்லில் முடியாது. மெல்லிய வைரக் கம்பி வாங்கி ஒவ்வொரு பல்லாகத் தீட்டுங்கள்.

சேலம்: புதுக் கல், ஆனால் கத்தி கூர் ஆகவில்லை...

தேனிக்குச் சொன்னதைப் படியுங்கள். பிசிர்.

மதுரை: தெருவில் வரும் சாணைக்காரர் இரண்டு நிமிடத்தில் முடிக்கிறாரே, கல் எதற்கு?

வேலூர்: சக்கரத்தில் தீப்பொறி பறந்தாலே பதம் போச்சு! அவரிடம் கொடுக்கவே கூடாது.

இருவரும் பாதிதான் சரி. பொறி என்பது கத்தியிலிருந்து பிய்ந்த துகள் காற்றில் எரிவது. அது பறந்ததால் மட்டும் கத்தி சூடேறிவிட்டது என்று ஆகாது. பார்க்க வேண்டியது வாயோரத்தின் நிறம். சாதாரண கார்பன் எஃகில் நீலம் பூத்தால் அந்த இடம் சுமார் 300 டிகிரி செல்சியஸ் தொட்டுவிட்டது, பதம் இளகிவிட்டது. அந்த நீலப் பகுதியைக் கல்லில் தேய்த்துக் கழித்தால்தான் பழைய உறுதி கிடைக்கும்.

மதுரை: அவர் காலால்தானே மிதிக்கிறார், மோட்டார் இல்லையே?

அது நியாயம். பட்டறை மோட்டார் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2800 சுற்று சுற்றும், மிதிச் சக்கரம் அந்த வேகத்துக்கு வராது. கை தெரிந்தவர் எடுத்து எடுத்து வைப்பார், சூடு நிற்காது. வாய் உடைந்த அரிவாள், மண்வெட்டி, தேய்ந்த அரிவாள்மணை எல்லாவற்றையும் தயங்காமல் அவரிடம் கொடுங்கள். கல்லில் அரை நாள் ஆகும் வேலை அது.

வேலூர்: அப்படியானால் சமையல் கத்தியையும் கொடுக்கலாமா?

மெல்லிய கத்தி என்றால் வேண்டாம். சூடு ஓட இடமில்லை, ஒவ்வொரு தடவையும் தேவைக்கு மேல் இரும்பும் போகும். மழுங்கிய கத்திக்குக் கல்லே போதும். வாய் உடைந்திருந்தால் மட்டும் அவரிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று, தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் 1000இல் இரண்டு பக்கமும் தேய்த்து, சக்கரம் விட்ட பிசிரை எடுத்துவிடுங்கள்.