காமா 10: பயிற்சியில் 100%, புதுத் தரவில் ஒரே விடை

உங்கள் எஸ்விஎம் (சப்போர்ட் வெக்டர் மெஷின், தரவை வகுப்புகளாகப் பிரிக்கும் முறை) மாதிரியில் 20 அம்சங்கள், ஆர்பிஎஃப் கர்னல் (இரண்டு புள்ளிகள் எவ்வளவு நெருக்கம் என்பதை 0 முதல் 1 வரை அளக்கும் சார்பு), காமா 10 (தூரம் கூடக்கூட அந்த மதிப்பு எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதைச் சொல்லும் எண்). பயிற்சித் தரவில் ஒரு பிழைகூட இல்லை, புதுத் தரவில் எல்லாவற்றுக்கும் ஒரே வகுப்பு என்று எழுதியிருந்தீர்கள். கோடில் தப்பு இருக்க வாய்ப்பில்லை, காமாதான் வில்லன்.

ஒரு சின்னக் கணக்கு. அம்சங்களை ஸ்கேல் செய்தபின் (ஒவ்வொன்றின் சராசரி 0, மாறுபாட்டெண் 1 ஆக்கியபின்) இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கம் சராசரியாக 40. காமா 10 என்றால் இரண்டையும் பெருக்க 400, கர்னல் மதிப்பு மைனஸ் 400-இன் எக்ஸ்பொனென்ஷியல், அதாவது கிட்டத்தட்ட பூஜ்ஜியம். ஒவ்வொரு பயிற்சிப் புள்ளியும் தனித் தீவு. தன்னை மட்டும்தான் தெரியும், அதனால்தான் 100%. புதிதாக வரும் புள்ளிக்கு அக்கம்பக்கத்தில் யாருமே இல்லை. விடையைத் தீர்மானிக்கும் கர்னல் மதிப்புகளின் கூட்டுத்தொகை கிட்டத்தட்ட பூஜ்ஜியமாகி, அதோடு சேரும் பயஸ் என்ற மாறா எண் மட்டும் மிஞ்சுகிறது. அதன் குறிதான் எல்லோருக்கும் விடை. காமாவை 0.05 ஆக்கினால் அதே ஜோடிக்கு 0.135 வரும். இப்போது ஒரு புள்ளியின் பேச்சு அடுத்ததன் காதில் விழும்.

சப்போர்ட் வெக்டர்களையும் (விடையைத் தீர்மானிப்பதில் பங்குள்ள பயிற்சிப் புள்ளிகள்) எண்ணிப் பாருங்கள். பயிற்சியில் 100% வந்து, கிட்டத்தட்ட எல்லாப் புள்ளிகளும் அதில் இருந்தால் நடந்தது மனப்பாடம்தான்.

காமா, சி (பயிற்சிப் பிழைகளுக்கான தண்டனையின் அளவு) இரண்டையும் பத்தின் அடுக்குகளாக மாற்றி கிராஸ் வேலிடேஷனில் (தரவைப் பல ஃபோல்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மாறிமாறிச் சோதனைக்கு ஒதுக்கும் முறை) தேடுங்கள். ஸ்கேல் செய்யும் ஸ்கேலரை ஒவ்வொரு ஃபோல்டிலும் பயிற்சிப் பகுதியில் மட்டும் பொருத்துங்கள். முழுத் தரவிலும் பொருத்திவிட்டு நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.