சிறுநீர்ப்பையைக் குழாய் விட்டுப் பார்த்து வீட்டுக்கு வந்தபின்: சிஸ்டோஸ்கோபி கேள்வி-பதில்

அப்பாவுக்கு 68 வயது. காலையில் சிஸ்டோஸ்கோபி முடிந்தது. நீர் பிரியும்போது சுடுகிறதாம், இளஞ்சிவப்பாகவும் போகிறது. பயப்பட வேண்டுமா? (செங்கோட்டை)

குழாய் உரசிய எரிச்சல்தான் அது. ஒன்றிரண்டு நாளில் அடங்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சிறுநீர்த் துவாரத்தில் ஒற்றி எடுத்தால் இதமாக இருக்கும்.

நிறத்தைவிட, நீர் பிரிகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இந்த வயதில் ஆண்களுக்கு, சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருப்பது சகஜம். குழாய் பட்டுப் பாதை இன்னும் இறுகலாம், இரத்தக்கட்டி அடைக்கலாம். ஆறிலிருந்து எட்டு மணி நேரமாகியும் நீர் போகாமல் அடிவயிறு முட்டி நின்றால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வடிகுழாய் போட்டதும் வலி குறைந்துவிடும். கட்டி கட்டியாகவோ கெட்டிச் சிவப்பாகவோ போனாலும் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் பதிமுகம் (தண்ணீரைச் சிவப்பாக்கும் மரச்சீவல்) போட்ட வெந்நீர்தான் குடிப்போம். அதுவே போதுமா? (கொழிஞ்சாம்பாறை)

இரண்டு நாளைக்குச் சாதா வெந்நீரை ஆறவைத்துக் குடியுங்கள். குடிக்கிற தண்ணீரே சிவப்பாக இருந்தால், கழிவறையில் கண்ட சிவப்பு எதனால் என்ற குழப்பம் வரும். பீட்ரூட்டும் வேண்டாம், அது சிலருக்குச் சிறுநீரைச் சிவப்பாக்கும். முதல் இரண்டு மணி நேரம் மணிக்கு அரை லிட்டர், பிறகு நாளெல்லாம் பிரித்து மொத்தம் இரண்டு, இரண்டரை லிட்டர். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மருத்துவர் சொன்ன அளவுதான்.

சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் எப்போது போகலாம்? (கம்பம்)

மரப்பு ஜெல் தடவி வெறுமனே பார்த்திருந்தால் மறுநாளே போகலாம். சதை எடுத்த இடம் ஆற நாளாகும். ஒரு வாரமாவது மூட்டை தூக்குவதும் மேட்டுப்பாதைக் குலுக்கலும் வேண்டாம். மலச்சிக்கலில் முக்கினாலும் இரத்தம் கசியும் என்பதால் கீரை, பழம் சேருங்கள். முதுகில் மரப்பு ஊசி போட்டிருந்தால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது.

ஆஸ்பிரின் மாத்திரையை நிறுத்தலாமா? (பாறசாலை)

நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நிறுத்தியதைத் தொடங்கவும் வேண்டாம். எழுதிக் கொடுத்தவரிடம் தேதி கேளுங்கள்.

பரிசோதனை திருவனந்தபுரத்தில். இப்போது குளிர்காய்ச்சல். அங்கேயேதான் போக வேண்டுமா? (மார்த்தாண்டம்)

வேண்டாம். 100.4 டிகிரியைத் தாண்டி நடுக்கமும் இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். அது இரத்தத்தில் பரவினால் ஆபத்து, நீரிழிவுக்காரர்களுக்கு இன்னும் கூடுதல். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியோ, அதைவிட அருகிலுள்ள மருத்துவமனையோ, இன்றே போங்கள். 108 இரு மாநிலத்திலும் வரும். பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கும். வெப்பமானி வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டு பிறகு போடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டும் மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும்.