ஹைப்பர்சோனிக் (ஒலியைப் போல் ஐந்து மடங்குக்கு மேலான வேக) பறத்தலின் கணிப்பில் காற்றின் பாகுத்தன்மையை ஒரே எண்ணாக வைத்தால் என்ன தவறு?

நகரும் காற்றில் ஓர் அடுக்கு பக்கத்து அடுக்கைப் பிடித்து இழுக்கும் குணம்தான் பாகுத்தன்மை. நல்லெண்ணெய் சூடானால் இளகும்; காற்று நேர்மாறு. பாதயாத்திரையில் வேகமாக நடப்பவர்களும் மெதுவாக நடப்பவர்களும் வரிசை மாறி மாறிப் புகுந்தால் வேகமான வரிசை தளரும், மெதுவான வரிசை வேகம் பிடிக்கும். மூலக்கூறுகளும் அப்படித்தான், சூடு ஏறினால் இந்தத் தாவல் கூடும், கூடவே வெப்பக்கடத்தலும். 300 கெல்வினிலிருந்து 1200-க்குப் போனால் பாகுத்தன்மை சுமார் 2.5 மடங்காகிறது. இதை 1893-இல் வந்த சதர்லாந்து சூத்திரமே சொல்லிவிடும். ஆனால் 2500 கெல்வின் வாக்கில் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடையத் தொடங்கினால் அது போதாது. ஒவ்வொரு வாயுவுக்கும் தனியாகக் கணக்கிட்டுக் கலக்க வேண்டும். வேலை இழுப்பது இங்கேதான்.

அப்புறம், விண்கலத்தின் மூக்கு உராய்வால் மட்டும் சூடாவதில்லை: கலத்தின் முன்னே உருவாகும் திடீர் அழுத்த அலையான அதிர்ச்சி அலையில் காற்று நசுங்குவதால்தான் பெரும்பங்குச் சூடு பிறக்கிறது, அதில் எவ்வளவு சுவருக்குப் போய்ச் சேரும் என்பதில்தான் பாகுத்தன்மை, வெப்பக்கடத்தல் என்ற இந்த இரண்டு எண்களுக்கும் வேலை.