4எஸ் முதலில் நிரம்புகிறது என்றால், இரும்பு அயனியாகும்போது 3டியை விட்டுவிட்டு 4எஸ் எலக்ட்ரான் ஏன் முதலில் போகிறது?

நீங்க பிளஸ் ஒன் படிக்கிறீங்கன்னு வெச்சு எழுதறேன். கடைசியா வந்ததுதானே முதல்ல போகணும்ங்கற சந்தேகம் நியாயமானதுங்க. 4எஸ், 3டிங்கறது எலக்ட்ரான் இருக்கற ஆர்பிட்டால்கள். ஆனா அவை நிரம்பற வரிசையைச் சாய்வு அம்பு போட்டுக் காட்டற அந்த ஆஃபா படம் ஒரே அணுவுக்குள்ள எலக்ட்ரான் வந்து சேர்ற வரிசை இல்லை. ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது எலக்ட்ரானோட ஒரு புரோட்டானும் கூடுது. அயனியாக்கும்போது புரோட்டான் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும்.

குரோமியம் அணுவிலும் ஃபெரஸ் அயனியிலும் (ரெண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு) 24 எலக்ட்ரான்தான். குரோமியம் 3டி⁵ 4எஸ்¹, ஃபெரஸ் 3டி⁶. கருவில் 24 புரோட்டானுக்குப் பதிலா 26 இருக்கறதால அமைப்பே மாறிடுது.

பொட்டாசியம், கால்சியம் வரைக்கும் ஆற்றலில் 4எஸ்தான் கீழே. என் (முதன்மைக் குவாண்டம் எண்)-லிருந்து எல்-லையும் (எஸ்ஸுக்கு 0, பிக்கு 1, டிக்கு 2) 1-ஐயும் கழிச்சா ஆரக் கணு, அதாவது எலக்ட்ரான் தென்படாத கோள இடைவெளிகளோட எண்ணிக்கை: 4எஸ்ஸுக்கு 3, 3டிக்கு பூஜ்யம். அந்தக் கணுக்களுக்கு உள்பக்கம் இருக்கற வளையங்கள் வழியா 4எஸ் கரு வரைக்கும் ஊடுருவும், 3டியால அவ்வளவு முடியாது. ஸ்காண்டியத்திலிருந்து கருவின் இழுப்பு கூடி 3டி சுருங்கிக் கீழே இறங்கிடுது. அப்போ ஸ்காண்டியத்தோட வெளி எலக்ட்ரான் மூணும் 3டிக்கே போகலாமேன்னு கேட்பீங்க. 3டி நெருக்கமான இடம், அங்க விலக்கு விசை அதிகம். ரெண்டு எலக்ட்ரான் பரந்து கிடக்கிற 4எஸ்ஸில் இருந்தாத்தான் மொத்த ஆற்றல் குறையும். ஆனாலும் ஆற்றலில் மேல இருக்கறது 4எஸ்தான், அதனால அயனியாகும்போது அதுதான் முதல்ல போகுது: ஸ்காண்டியத்துல ரெண்டை எடுத்துட்டா மிச்சம் நிக்கறது 3டி¹. ஆர்பிட்டால் ஆற்றலைத் தனித்தனியாப் பேசறதே தோராயம்னு பேராசிரியர்கள் சொல்லலாம். உண்மைதான், ஆனா இந்த வகுப்புக்கு இதுக்கு மேல போனா குழப்பம்தான் மிஞ்சும்.

இணையாத எலக்ட்ரான் கூடக் கூடக் காந்தத் திருப்புத்திறனும் கூடும். அதை வெச்சு 4எஸ் போனதை நிரூபிக்கறப்ப நிறைய பேர் ஃபெரஸை எடுத்துக்கறாங்க. அது உதவாது. 3டி⁶ ஆனாலும் 3டி⁴ 4எஸ்² ஆனாலும் இணையாத எலக்ட்ரான் நாலுதான், 4.90 போர் மேக்னட்டான். சேலம் கஞ்சமலை மேக்னடைட் இரும்புத் தாதுவில் ஒரு ஃபெரஸுக்கு ரெண்டு ஃபெரிக் (மூணு எலக்ட்ரான் இழந்த இரும்பு) இருக்கு. அந்த ஃபெரிக்கை எடுங்க. 3டி⁵ என்றால் 5.92, 3டி³ 4எஸ்² என்றால் 3.87. ஃபெரிக் ஆலம்ங்கற படிகார உப்பில் அளந்தா 5.9 பக்கம் வருது. வழக்கு தீர்ந்தது.

இதைச் சொல்லாம விடமுடியலைங்க. நம்ம கொங்குப் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பலதுல பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிட்டு நேரா பிளஸ் டூவுக்குப் போயிட்டாங்க. 2018-ல பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்ததே அதனாலதான். குவாண்டம் எண் தெரியாத பிள்ளைக்கு இடைநிலைத் தனிமங்களை எப்படிப் புரியவைப்பீங்க? எல்லாப் பள்ளியையும் சொல்லலை, ஒழுங்கா நடத்தறவங்களும் இருக்காங்க.

பரீட்சையில செய்ய வேண்டியது இதுதான். முதல்ல நடுநிலை அணுவுக்கு என்+எல் பார்த்து எழுதுங்க: 4எஸ்ஸுக்கு 4, 3டிக்கு 5, குறைவா இருக்கறது முதல்ல. அப்புறம் என் வரிசைப்படி மாத்தி 3டி⁶ 4எஸ்²-னு வையுங்க. எலக்ட்ரானை எடுக்கும்போது என் பெரிசா இருக்கறதுல இருந்து எடுங்க. என் சமமா இருந்தா எல் பெரிசா இருக்கறது முதல்ல. வெள்ளீயம் 4டி¹⁰ 5எஸ்² 5பி²: ரெண்டு போனா 5பி காலி, நாலு போனா 5எஸ்ஸும் காலி, 4டி¹⁰ அசையாது.