லேப் அக்கா பதில்கள்

லண்டனுக்குத் தெற்கே, ஆண்பிள்ளைகள் மட்டும் படிக்கும் ஒரு கட்டணப் பள்ளியில் பதினெட்டு வருஷமாக வேதியியல் லேபில் வேலை பார்க்கிறேன். டீச்சர் இல்லை. டீச்சர் வகுப்புக்குள் நுழையும் முன்பே குடுவையும் அமிலமும் தள்ளுவண்டியில் போய் நிற்க வேண்டுமே, அதைப் பார்த்துக்கொள்பவள். போன இதழில் போகிற போக்கில் இதைச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், வந்த கடிதங்கள் முக்கால்வாசி பள்ளிக்கூடத்தைப் பற்றியே. சரி, இந்த மாதம் மூட்டுவலிக்கும் ஊறுகாய்க்கும் லீவு.

இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா? மருமகன் ஒன்று சொல்கிறார், தம்பி ஒன்று சொல்கிறான்.
– வாசகி, கோவை

தனியார் பள்ளிதான். ஊர், மதம், அப்பாவின் தொழில் எதையும் கேட்காமல், கட்டணம் கட்டினால் யார் வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டதால் அந்தக் காலத்தில் 'பொது' என்று பெயர் வந்தது. நம் ஊரில் மட்டும் என்ன, 'பப்ளிக் ஸ்கூல்' என்று போர்டு வைத்த பள்ளியில் ஃபீஸ் இல்லாமல் உள்ளே விடுகிறார்களா?

இப்போது பொதுவாக இன்டிபென்டன்ட் ஸ்கூல் என்பார்கள். இங்கிலாந்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஆறேழு பேர் படிக்கிறார்கள். சினிமாவில் பார்த்த கோட்டை, ஹாஸ்டல், மெழுகுவத்தி எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடுகிற பிள்ளைகள்தான்.

மான்செஸ்டர் கிராமர் ஸ்கூல் என்கிறார்கள். கிராமர் ஸ்கூல் என்றால் இலவசம் என்று படித்தேன். பிறகு எப்படிக் கட்டணம்?
– வாசகர், திருச்சி

பெயர் பழசு, கணக்கு புதுசு. அந்தப் பள்ளி 1515-இல் ஹியூ ஓல்டம் என்ற பிஷப் தொடங்கியது. இலக்கணம் என்றால் லத்தீன் இலக்கணம், அதனால் கிராமர். இப்படித் தர்மத்துக்கு ஆரம்பித்த பள்ளிகள் பல. லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியை 1509-இல் ஜான் காலெட் தொடங்கியபோது 153 பையன்களுக்கு இலவச இடம். பைபிளில் வலையில் சிக்கிய மீன்களின் எண்ணிக்கை அது.

போன நூற்றாண்டில் இவற்றில் பல பள்ளிகளுக்கு அரசே நேரடியாக மானியம் கொடுத்தது. பதிலுக்குக் குறைந்தது கால்வாசி இடம் இலவசமாகத் தர வேண்டும். 1976-இலிருந்து அந்த மானியத்தை நிறுத்தத் தொடங்கினார்கள். அரசுப் பள்ளியாகச் சேர்ந்துகொள், இல்லையென்றால் சொந்தக் காலில் நில் என்ற நிலை. பாதிக்கு மேல் கட்டணப் பள்ளிகளாக மாறின, பெயர்ப்பலகை மாறவில்லை. தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசு இலவச கிராமர் பள்ளிகள் இங்கிலாந்தில் இன்றும் 163 இருக்கின்றன. நம்மவர்கள் லண்டனில் அப்படிப் பள்ளிகள் இருக்கிற சட்டனுக்கும் கிங்ஸ்டனுக்கும் வீடு மாறுவது எதற்காக என்று நினைத்தீர்கள்?

பேரன் செப்டம்பரில் அப்படி ஒரு பள்ளியில் சேர்கிறான். நாள் முழுக்க அங்கே என்னதான் செய்வான்? மகளிடம் கேட்டால் "பிஸி அப்பா" என்கிறாள்.
– வாசகர், மதுரை

மகள் பொய் சொல்லவில்லை ஐயா. பதினொரு வயதுப் பையன், எங்கள் பள்ளிக் கணக்கில் ஏழாம் வகுப்பு, காலை ஆறேகாலுக்கு எழ வேண்டும். பக்கத்துத் தெருப் பள்ளி இல்லையே. இருபது மைல் சுற்றளவிலிருந்து வருகிறார்கள். ஏழு ஐந்துக்குப் பள்ளி பஸ். எட்டரைக்கு வருகைப்பதிவு. அப்புறம் பாடம். பதினொரு மணிக்கு இருபது நிமிஷம் இடைவேளை, அதில் பாதி டோஸ்ட் வாங்கும் வரிசையிலேயே போய்விடும்.

மதிய இடைவேளை ஒரு மணி நேரம். அது சாப்பாட்டுக்கு என்று நீங்கள் நினைப்பீர்கள். சோதனைச் சாமான்களைத் தயார் செய்யும் எங்கள் பிரெப் ரூம் கதவு நடைபாதையைப் பார்த்தபடி இருக்கும். பன்னிரண்டே முக்காலுக்கு அங்கே நின்றால் ஒரு கையில் வயலின் பெட்டி, இன்னொரு கையில் பாதி கடித்த சாண்ட்விச், வாயில் மீதி என்று ஓடுகிறவனைத் தினமும் பார்க்கலாம். செஸ், விவாத மன்றம், ரோபோ, கணிதப் போட்டிக்குப் பயிற்சி, பாட்டுக்குழு எல்லாமே அந்த ஒரு மணி நேரத்தில்தான். நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் விளையாட்டு. ஐந்தேகாலுக்குக் கடைசி பஸ். வீட்டுக்குப் போகும்போது ஆறரை. அதற்கு மேல் வீட்டுப்பாடம். அதற்கும் 'பிரெப்' என்றுதான் பெயர், என் அறையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சனிக்கிழமை தனிக் கதை. ரக்பி பி டீமில் பெயர் வந்துவிட்டால் சனிக்கிழமை காலை மேட்ச். அதே நேரத்தில்தான் தமிழ்ப் பள்ளியும் நடக்கும். இந்தச் சண்டை எத்தனை வீட்டில் நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அம்மாக்கள் காரை நிறுத்திவிட்டு என்னிடம் வந்துதான் புலம்புவார்கள். பெரும்பாலும் ரக்பிதான் ஜெயிக்கிறது.

சரி, இத்தனை காசு எங்கே போகிறது என்று என்னிடம் கேட்டால், பெரியவர்களின் நேரத்துக்கு என்பேன். இதற்கு முன் ஓர் அரசுப் பள்ளியில் இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே முப்பது பிள்ளைகள் ஒரு வகுப்பில், இங்கே இருபத்திரண்டு. ஒரு வருஷம் ஒரு பையனுக்கு மயில்துத்தப் படிகம் வளர்க்கும் ஆசை வந்தது. காப்பர் சல்பேட் கரைசலில் நூல் கட்டித் தொங்கவிடுவது, தெரியுமல்லவா? ஆறு வாரம், தினம் மதியம் வந்து முகவாயை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். அவன் வருகிறான் என்பதற்காகவே ஓர் ஆசிரியர் தன் சாப்பாட்டை அங்கே கொண்டுவந்து சாப்பிட்டார். அரசுப் பள்ளியில் அந்த ஆசிரியருக்கு மனசு இருந்திருக்கும். அந்த மதியம் அவருக்குச் சாப்பாட்டுக்கூட மேற்பார்வை டியூட்டி இருந்திருக்கும்.

மக்னீசியம் நாடாவை அங்கே சிக்கனத்துக்காக அளந்து வெட்டினேன். இங்கேயும் அளந்துதான் வெட்டுகிறேன். இல்லாவிட்டால் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய் பஸ்ஸில் கொளுத்திவிடுவார்கள். அதில் பணக்காரன் ஏழை வித்தியாசம் கிடையாது.

சைவம் கிடைக்குமா?
– வாசகி, மயிலாடுதுறை

தினமும் கிடைக்கும். பல பள்ளிகளில் ஹலாலும் உண்டு. நான் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்விடுவேன். ஆனால் இதயம் அறுத்துப் பார்க்கும் பாடம் வந்தால், கறிக்கடையில் சொல்லிவைத்து ஒரு டஜன் ஆட்டு இதயம் வாங்கிவந்து ஃபிரிட்ஜில் வைப்பதும் இந்தச் சுத்த சைவக்காரியின் வேலைதான். தயிர்சாதம் வேறு ஃபிரிட்ஜில்.

மகனுக்கு ஒன்பது வயது. 11 பிளஸ் தேர்வுக்கு எப்போது தொடங்குவது? நேர்காணலுக்கும் டியூஷன் வைக்க வேண்டும் என்கிறார்கள்.
– வாசகி, நியூ மால்டன்

11 பிளஸ் என்றால் பதினொரு வயதில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு. முதலில் தேதிகள். எல்லாம் ஆறாம் வகுப்பில், பத்து வயதில் நடக்கும். அரசு கிராமர் தேர்வுகள் பெரும்பாலும் செப்டம்பரில். அரசுப் பள்ளிக்காக உள்ளூர் கவுன்சிலுக்குப் போடும் விண்ணப்பத்துக்கு அக்டோபர் 31 கடைசி. கட்டணப் பள்ளிகளுக்குத் தனித்தனியாகப் பதிய வேண்டும், பல பள்ளிகள் இலையுதிர்காலத்திலேயே பதிவை மூடிவிடும். அப்புறம் தேர்வு. சிலர் சொந்தத் தாள் வைப்பார்கள். சிலர் கணினித் தேர்வு வைப்பார்கள், சரியாகப் பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கடினமாகிக்கொண்டே போகும். பையன் அழுதுகொண்டு வந்தால் நன்றாகச் செய்திருக்கிறான் என்றும் அர்த்தமாகலாம். பிப்ரவரி நடுவில் முடிவு வரும். அரசுப் பள்ளி முடிவு மார்ச் 1. பல பள்ளிகள் பழைய தாள்களை இலவசமாகவே கொடுக்கின்றன, முதலில் அவற்றைப் பாருங்கள்.

நேர்காணலுக்கு டியூஷனா? ஒரு வருஷம் நேர்காணல் நாளில் மேஜை போடும் வேலை எனக்கு. ஒவ்வொரு பையன் முன்னாலும் ஒரு கண்ணாடி டம்ளரில் சோடா, பக்கத்தில் நாலு உலர்திராட்சை. உள்ளே போடு, என்ன பார்க்கிறாய் சொல். இவ்வளவுதான் பரீட்சை. திராட்சை மூழ்கும், குமிழ்கள் ஒட்டிக்கொள்ளும், மேலே வரும், குமிழ் உடையும், திரும்ப மூழ்கும்.

ஒரு பையன் திராட்சை டம்ளரில் விழும் முன்பே "இது கார்பன் டை ஆக்சைடைப் பற்றிய சோதனை, அடர்த்தி என்பது நிறையை..." என்று ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டான். அழகான ஆங்கிலம். டம்ளரைப் பார்க்கவே இல்லை. அடுத்த மேஜைப் பையன் வெகுநேரம் பேசவில்லை. ஆசிரியர் கவலைப்பட்டு "என்னப்பா?" என்றார். "மூணு ஏறி இறங்குது, இது ஒண்ணு மட்டும் கீழயே கிடக்கு. இது சுருக்கம் இல்லாம வழுவழுன்னு இருக்கு, அதனாலயா?" என்றான், ஆங்கிலத்தில்தான். ஆசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

யாருக்கு இடம் கிடைத்தது என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள், நானும் கேட்கவில்லை. செப்டம்பரில் அந்தத் திராட்சைப் பையன் என் நடைபாதையில் ஓடினான்.

நான்காம் வகுப்பிலேயே வாரம் மூன்று டியூஷன் என்று எனக்கு எழுதியிருக்கிற இன்னொரு அம்மாவுக்கும் இதுவே பதில். பையனை ராத்திரி எட்டரைக்குத் தூங்க விடுங்கள் தாயே.

கட்டணம் எவ்வளவு? பர்சரி என்கிறார்களே, நம்மைப் போன்றவர்களுக்குக் கொடுப்பார்களா?
– வாசகர், வெம்பிளி

லண்டன் பக்கம் ஆண்டுக்கு 25 ஆயிரம் பவுண்டைத் தாண்டிய பகல் பள்ளிகள் நிறைய. ஏழு வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 1,75,000. ஏற்றம் இல்லாமல் சொல்கிறேன், ஏற்றம் வராத வருஷம் கிடையாது. 2025 ஜனவரி 1 முதல் கட்டணத்தின் மேல் 20 சதவீதம் வாட் வரி வேறு வந்துவிட்டது. முழுவதையும் பெற்றோர் தலையில் கட்டிய பள்ளியும் உண்டு, கொஞ்சம் தானே ஏற்றுக்கொண்டதும் உண்டு. எனவே பார்க்கும் தொகை வரியோடா, வரி இல்லாமலா என்று கேளுங்கள். பஸ், வாத்தியப் பாடம், சுற்றுலா, பிளேசர் பெரும்பாலும் தனி.

இரண்டு விஷயம் யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். பையனை நிறுத்துவதென்றால் பொதுவாக ஒரு முழுப் பருவம் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பருவக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். ஸ்காலர்ஷிப் என்பது பெரும்பாலும் பெயருக்குத்தான், கட்டணத்தில் சிறு பங்கு குறையும், சில இடங்களில் அதுவும் இல்லை.

காசு விஷயத்தில் உதவுவது பர்சரிதான், அதாவது குடும்ப நிலை பார்த்துத் தரும் கட்டணத் தள்ளுபடி. வருமானம், சேமிப்பு, வீடு எல்லாம் பார்ப்பார்கள். சில பள்ளிகள் வீட்டுக்கே ஆள் அனுப்பும். முழுக் கட்டணமும் தள்ளுபடியான பிள்ளைகள் இருக்கிறார்கள். வருஷா வருஷம் மறுபடி கணக்குக் காட்ட வேண்டும். தேர்வுக்குப் பதியும்போதே கேட்டுவிடுங்கள், இடம் கிடைத்த பிறகு கேட்டால் பானை காலியாக இருக்கும். நம்மவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கார் லோன் வாங்கக் கூசாதவர்கள் இதற்கு ஏன் கூசுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அங்கே லத்தீன் எல்லாம் சொல்லித்தருகிறார்களாமே. தமிழ் உண்டா?
– வாசகி, ஈஸ்ட் ஹாம்

பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் உருது, பஞ்சாபி, குஜராத்தி, வங்காளம் இருக்கின்றன. தமிழ் இல்லை. அதனால் பள்ளியிலும் இல்லை.

லத்தீன் பல பள்ளிகளில் உண்டு. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கிய நம் பையன் ஒருவன் என் அறை வாசலில் நின்று 'புவெல்லா, புவெல்லம், புவெல்லாய்' என்று முனகிக்கொண்டிருந்தான். என்னடா என்றேன். சிறுமி என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை வால் பாருங்கள் என்று அலுத்துக்கொண்டான். "சிறுமி, சிறுமியை, சிறுமிக்கு. உன் அம்மா தினம் பேசுகிறாளே, அதுதான்" என்றேன். லத்தீனில் ஆறு வேற்றுமை, நமக்கு எட்டு. கூப்பிடுகிற விளி வேற்றுமைகூட இரண்டிலும் இருக்கிறது. அவன் அப்படியே நின்றான். அப்புறம் வாரக்கணக்கில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஆன்ட்டியே, ஆன்ட்டியை, ஆன்ட்டியால்" என்று சொல்லிக்கொண்டே ஓடுவான். நானும் எட்டையும் சொல்லி முடிக்க விடுவேன்.

மகனுக்கு இரண்டு பள்ளியிலும் இடம் கிடைக்கவில்லை. ஒரு பள்ளியில் காத்திருப்புப் பட்டியல், அதுவும் நகரவில்லை. என் கணவர் இன்னும் அவனோடு சரியாகப் பேசவில்லை. அவனுக்கு என்ன சொல்வது?
– வாசகி, குரோய்டன்

உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தை நீட்டுங்கள்.

என் மகனும் எழுதினான், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கே. ஊழியர் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு, அந்தக் கணக்கில் கனவு கண்டோம். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பியூரெட் கழுவிக்கொண்டிருந்தபோது போனில் அந்த மெயில் வந்தது. கிடைக்கவில்லை. ஈரக் கையோடு மூன்று முறை படித்தேன். திங்கட்கிழமை அதே நடைபாதையில் அதே பையன்களுக்கு டிராலி தள்ளினேன். ஒரு வாரம் அவர்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். பதினொரு வயதுப் பிள்ளைகள் மேல் பொறாமை.

அவன் எங்கள் தெருவிலிருந்து பன்னிரண்டு நிமிஷ நடையில் இருக்கும் பள்ளிக்குப் போனான். ஏழே முக்கால் வரை தூங்கினான். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி தப்பவில்லை, அதற்கு மட்டும் என்னைத் திட்டினான்.

இங்கே பெரும்பாலான பள்ளிகளில் ஏழாம் வகுப்பு அறிவியலில் முதலில் பன்சன் பர்னர் பற்ற வைப்பதுதான் சொல்லித்தருவார்கள். சரியாகச் செய்தால் 'லைசென்ஸ்' என்று ஓர் அட்டை. அந்த செப்டம்பரில் இருபத்திரண்டு அட்டையை லேமினேஷன் செய்து வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகன் வாசலிலேயே நின்று பாக்கெட்டிலிருந்து தன் அட்டையை எடுத்து நீட்டினான். அதே சுடர் படம், அதே வாசகம். லேமினேஷன் மட்டும் இல்லை. மறுநாள் எடுத்துப்போய்ப் போட்டுக் கொடுத்தேன்.