குத்தகை நெல்லில் ஒரு நாட்டின் கணக்கு

கேள்வி: பொருளியல் முதுகலை படிக்கும் என் மகள் சீனப் பொருளாதார வரலாற்றில் ஆய்வு செய்ய விரும்புகிறாள். முறையான புள்ளிவிவரங்களே இல்லாத நூற்றாண்டுகளில் பொருளியலாளருக்கு என்ன வேலை? இத்துறையையே நம்பி வாழ்ந்தவர்கள் உண்டா?

பதில்: உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1963 முதல் 2006 வரை கற்பித்த பொருளியலாளர் டுவைட் பெர்கின்ஸைப் பற்றி உங்கள் மகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் 1964-இல் முனைவர் பட்டம் பெற்றபோது, அமெரிக்க ஆய்வாளர்கள் சீனாவுக்குள் போகவே வழியில்லை. அவருடைய முதல் நூல் சமகாலச் சீனாவின் சந்தைக் கட்டுப்பாட்டையும் திட்டமிடலையும் பற்றியது. ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்தியது 1969-இல் வெளிவந்த, 1368 முதல் 1968 வரையிலான சீன வேளாண்மையை ஆராயும் நூல்தான்.

1368-இல் தொடங்கிய மிங் அரசமரபு ஆட்சியின் தொடக்கத்தில் ஆறரை முதல் எட்டுக் கோடி வரை இருந்த மக்கள்தொகை, 1957-இல் ஏறத்தாழ 65 கோடியாகிவிட்டது. உழவுக் கருவிகளோ பெரிதாக மாறவில்லை. அப்படியானால் இத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்து வந்தது? கூடுதல் விளைச்சலில் ஏறத்தாழப் பாதி புதிதாகத் திருத்திய நிலத்திலிருந்தும், மறுபாதி அதே நிலத்தில் கூடுதலாக விளைவித்ததிலிருந்தும் வந்தது என்பது அவர் கண்ட விடை. குறுகிய கால நெல் வகைகள், இருபோகம், அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும், கூடுதல் எரு, பாசன வேலைகள் என்று அந்த மறுபாதிக்குக் காரணங்கள் பல.

இவற்றை அவர் கணக்கிட்ட விதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சீனாவில் மாவட்டந்தோறும் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்ட ஊர் வரலாற்றேடுகள் உள்ளன. எந்த அணை, எந்த வாய்க்கால், எந்த ஆண்டில் வெட்டியது என்ற குறிப்புகள் அவற்றில் இருக்கும். அவற்றைத் தொகுத்து, எந்த நூற்றாண்டில், எந்தப் பகுதியில் பாசனப் பணிகள் பெருகின என்று அவர் கண்டறிந்தார். விளைச்சல் எவ்வளவு என்று எழுதி வைக்காத இடங்களில், குத்தகையாக அளந்த தானியம் விளைச்சலில் ஏறத்தாழப் பாதி என்று கொண்டு மொத்தத்தை மதிப்பிட முடிந்தது.

இந்த விடையோடு விவாதம் முடிந்துவிடவில்லை. நிலத்தின் விளைச்சல் கூடியபோதும் ஒரு நாள் உழைப்புக்குக் கிடைத்த பலன் குறைந்துகொண்டே போனது என்று பின்னர் வரலாற்றாய்வாளர் பிலிப் ஹுவாங் வாதிட்டார். தலைக்கு இவ்வளவு தானியம் என்ற கணக்கோடு உழவரின் உழைப்பையும் சேர்த்து எடைபோட வைத்த அந்த வாதத்தையும் உங்கள் மகள் படிக்கட்டும்.

பெர்கின்ஸ் நூலகத்தோடு நின்றுவிடவில்லை. 1975-இல் சீனாவின் ஊரகச் சிறுதொழில்களைப் பார்வையிடச் சென்ற அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1980 முதல் 1995 வரை ஹார்வர்டின் பன்னாட்டு வளர்ச்சி நிறுவனத்தை நடத்தினார்.

உங்கள் மகள் பொருளியலோடு பழைய எழுத்துச் சீனத்தையும் கற்க வேண்டியிருக்கும். அதற்கே சில ஆண்டுகள் பிடிக்கும். நிலத்தை அளக்கும் ‘மூ’ என்ற அலகுகூட ஊருக்கு ஊர் வேறுபட்டது; வரி ஏட்டில் இருந்த மூ ஒன்று, வயலில் அளந்த மூ வேறொன்று. எந்த ஊரில் எந்த மூ வழங்கியது என்பதைத் தீர்த்துக்கொண்ட பிறகுதான் விளைச்சல் கணக்கையே தொடங்க முடியும்.